ஓதிப் பதிந்ததும் அடித்துப் பதிந்ததும்

சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்குமுன் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பாடம் நடக்கும். தங்கச்சியின் மகன் குர்ஆனை மனனமிடக் கற்பிக்கும் ஹிப்ழு மத்ரஸாவில் ஓதுகிறான். பன்னிரண்டு வயது. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் ஓதலுக்கு லீவு கிடையாது. காலை மடித்து உட்கார்ந்து, கண்ணை மூடி, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபடி ஓதுவான். எதிரே உம்மா குர்ஆனை விரித்து வைத்து விரலை வரியின்மேல் ஓட்டிக்கொண்டிருப்பார். அவன் எங்காவது தடக்கி நின்றால் அடுத்த சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார். முழு வசனத்தையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. மத்ரஸாவில் அதுதான் பழக்கம். ஒரு சொல் கிடைத்ததும் பையன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான்.

அதே உம்மாவுக்கு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் காலையை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அதை அவர் பாடமாக்கவில்லை, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகவில்லை. ஒரேயொரு தரம் நடந்தது. இருபது வருடம் கழிந்தும் அந்தத் தண்ணீரின் கறுப்பு, சேற்று வெடில், சுழன்று சுழன்று மிதந்துவந்த ஒரு சில்வர் வாளி எல்லாம் நேற்றுப் பார்த்தது போல் வரும்.

இந்த இரண்டு நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் குர்ஆனை முழுதாக மனனமிட்ட ஹாபிழ் இல்லாத தெருவும் குறைவு, கடல் கொண்டுபோன ஆளைப் பற்றிப் பேசாத வீடும் குறைவு. எது ஆழமாகப் பதிந்தது என்று கேட்டால் ஊரில் யாரும் யோசிக்காமல் கடலைத்தான் காட்டுவார்கள். ஆழமாகப் பதிந்ததெல்லாம் சரியாகப் பதிந்ததா என்று கேட்டால்தான் பதில் சிக்கலாகிறது. இரண்டையும் நெருங்கிப் பார்த்தபின் எனக்கு உறைத்தது இதுதான்: பையனின் நினைவுக்குக் காவலாகத் தினமும் ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். உம்மாவின் நினைவுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

மூளைக்குள் இந்த இரண்டு வழிகளும் தொடங்கும் இடங்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்க மடலில், வளைந்த வாலோடு ஒரு பகுதி. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோனா நகரில் உடற்கூறு கற்பித்த அரன்சியோ அதைக் கடற்குதிரைக்கு ஒப்பிட்டார். ஹிப்போகாம்பஸ் என்ற பெயர் அப்படி வந்தது. அதன் முன்முனையைத் தொட்டுக்கொண்டு பாதாம் பருப்பு அளவில், அதே வடிவில் இன்னொன்று: அமிக்டலா. அந்தச் சொல்லுக்கும் கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் பொருள். கடற்குதிரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் ஒரே மனிதரிடம் படித்துக்கொண்டது. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியிருந்ததையும் வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த ஒருவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பல வருடமாக அவரைப் பரிசோதித்த பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு தரமும் புது ஆளாகத்தான் வரவேற்றார். பழைய சிறுவயது நினைவுகள் இருந்தன. பேச்சு இருந்தது, அறிவு இருந்தது. புதியது எதுவும் உள்ளே போய் நிற்கவில்லை. அதே மனிதர் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முதல் நாள் வரைந்ததே ஞாபகமில்லை, ஆனால் கை கற்றுக்கொண்டது. நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்று தெரியவந்தது அங்கேதான்.

இனிப் பையனிடம் வருவோம்.

மஃரிபுக்குப் பிறகு அவன் நாளைய பக்கத்தை எடுப்பான். மதீனா அச்சில் வரும் 15 வரிப் பிரதி, 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தோடு தொடங்கி ஒரு வசனத்தோடு முடியும்படி எழுதப்பட்டது. ஹிப்ழு ஓதுகிறவர்கள் அந்த ஒரே பிரதியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. "வலப்பக்கம், கீழேயிருந்து மூணாவது வரி" என்று வசனத்தின் இடமும் சேர்ந்தே மனதில் விழுகிறது. பிரதியை மாற்றினால் பையன் தடுமாறுவான். கடற்குதிரைக்குள் இடத்துக்கென்றே தனியாகத் துடிக்கும் நரம்புக்கலங்கள் இருப்பதை 1971இல் ஜோன் ஓகீஃப் எலிகளில் கண்டார். 2014இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பக்கம் ஒன்றும் தெரு அல்லதான். ஆனாலும் பையன் வசனத்தைத் தேடும்போது மூடிய கண் இமைக்குள் கருவிழி வலமும் இடமும் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். எதையோ இருக்கும் இடத்தில் தேடுகிறான்.

ஒரு வசனத்தை முழுதாக விழுங்குவதில்லை அவன். ஒரு மூச்சளவு துண்டை எடுப்பான், பத்துத் தரம் சொல்வான், பக்கத்தை மூடுவான், சொல்லிப் பார்ப்பான், திறந்து சரிபார்ப்பான். பிறகு அடுத்த துண்டு. பிறகு இரண்டையும் கோர்ப்பான். மூளை ஒலியை உடனடியாகப் பிடித்து வைக்கும் வளையம் மிகச் சிறியது. ஏறத்தாழ இரண்டு விநாடியில் சொல்லக்கூடிய அளவுதான் அதில் தங்கும். அலன் பாடலியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் இந்த வளையத்தை விவரித்தார்கள். ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்மார் மூச்சளவு என்று துண்டைச் சிறிதாகவே வைத்துவந்ததை நினைத்தால் அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறது.

பையனுக்கு அறபு தெரியாது. எழுத்துக் கூட்டி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. 1972இல் கிரெய்க்கும் லொக்ஹார்ட்டும் பொருளை நினைத்துக் கற்பதுதான் ஆழமாகப் பதியும், ஒலியை மட்டும் பிடித்தால் மேலோட்டமாகவே நிற்கும் என்றார்கள். பொதுவாக அது சரிதான். அப்படியென்றால் பொருள் தெரியாத 600 பக்கம் ஒரு சிறுவனுக்குள் எப்படித் தங்குகிறது? பொருளின் இடத்தில் வேறு கொக்கிகள் இருக்கின்றன. தஜ்வீத் என்ற ஓதல் விதிகள் சொல்லும் நீட்டலும் நிறுத்தலும், வசன முடிவில் ஒத்து வரும் ஓசை, நாக்கும் தொண்டையும் செய்யும் அசைவு, ஆடும் உடம்பு, பக்கத்தில் அது இருந்த இடம். ஒரே துண்டை ஐந்து கொக்கியில் மாட்டுகிறான். நாள் போகப் போக அந்த ஓதலின் ஒரு பகுதி கைப்பழக்கத்தின் பக்கம் சாய்ந்துவிடும். மருதமுனையில் கைத்தறிக்குக் கீழே நெசவாளியின் கால் எந்த மிதியை எப்போது அழுத்துவது என்று யோசிக்காமலே அழுத்துமே, அது போல. அதனால்தான் இடையில் நிறுத்தினால் ஹாபிழ்கள் நின்ற இடத்திலிருந்து தொடராமல் வசனத்தின் தலைக்குப் போகிறார்கள். சங்கிலியை நடுவில் பிடிக்க முடியாது. பொருளையும் சேர்த்துக் கற்பித்தால் ஆறாவது கொக்கியும் கிடைக்கும் என்பது என் ஆசை. அதை மத்ரஸாக்கள் பரவலாகச் செய்ய வேண்டும்.

இஷாத் தொழுது, சாப்பிட்டு, படுத்துவிடுவான். சுபஹுக்குப் பிறகு பாடம் கொடுப்பான். நடுவில் தூக்கம். இந்த ஒழுங்கு தற்செயல் என்று நான் முன்பு நினைத்தேன். 1924இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டலன்பாக்கும் இரண்டு மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள்: கற்றபின் தூங்கினால் மறதி குறைவு, விழித்திருந்தால் அதிகம். 1994இல் வில்சனும் மக்நோட்டனும் இன்னும் உள்ளே பார்த்தார்கள். பகலில் எலி நடந்தபோது சேர்ந்து துடித்த கடற்குதிரைக் கலங்கள் அதன் தூக்கத்தில் மறுபடி சேர்ந்து துடித்தன. பகலில் கற்றதை மூளை இரவில் தானே ஒரு தரம் ஓதிப் பார்க்கிறது. பிறகு மெல்ல மெல்ல அது மூளையின் மேற்பட்டைக்கு இடம் மாறுகிறது. மோலைசனுக்குப் பழைய நினைவுகள் தங்கியதும் இதனால்தான்.

இந்த இடமாற்றத்துக்கு நாள் கணக்கு வேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு நாள் கழிந்ததும், முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாகக் கிடைத்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. அவர் கண்ட இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம். ஒரு பட்டியலை ஒரே நாளில் 68 தரம் சொல்லி எட்டிய நிலையை, மூன்று நாளுக்குப் பிரித்து 38 தரம் சொல்லியே எட்டிவிட்டார். எரிக் கண்டலும் அவருடைய ஆட்களும் கடல்முயல் என்ற நத்தை இனத்தில் இதையே கண்டார்கள்: ஒரே மூச்சில் 40 தரம் தொட்டுப் பழக்கியது சீக்கிரம் மறந்துபோயிற்று, நாளுக்கு 10 தரமாக நான்கு நாள் பழக்கியது வாரக்கணக்கில் நின்றது. குறுகிய நினைவுக்கு நரம்புக்கலங்களுக்கிடையே இரசாயனம் கொஞ்சம் கூடக் குறைய ஓடினால் போதும். நீண்ட நினைவுக்குக் கலத்தின் மரபணுக்கள் விழித்து, புதுப் புரதம் செய்து, புது இணைப்புக் கிளைக்க வேண்டும். செடி வேர்விடுவதை யாரும் ஒரே இரவில் முடிக்க முடியாது.

சாதாரணதரப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு விடிய விடியப் புத்தகத்தை வாசித்துக் கோடு போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. வாசிப்பது பாடமாக்குவது அல்ல. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தரம் வாசித்து மற்ற நேரமெல்லாம் மூடி வைத்துச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். பக்கத்து மத்ரஸாவில் தினமும் நடக்கும் காரியத்தைப் பாடசாலை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

பையனின் நினைவுக்கும் பலவீனம் உண்டு. மூஸா நபியின் வரலாறு பல சூறாக்களில் ஒரு சொல், இரு சொல் வித்தியாசத்தில் வரும். அர்-ரஹ்மான் சூறாவின் 78 வசனங்களில் ஒரே வசனம் 31 தரம் திரும்பும். பையன் ஓதிக்கொண்டே போவான், ஒத்த வசனம் ஒன்றில் ஏறித் தடம் மாறி வேறொரு சூறாவில் போய் இறங்குவான். அவனுக்கே தெரியாது. ஒத்ததும் ஒத்ததும் மோதும்போது மூளை இப்படித்தான் வழுக்கும். அத்தோடு, விட்டுவிட்டால் போய்விடும். மனனமிட்ட குர்ஆனைக் கட்டிவைத்த ஒட்டகத்துக்கு ஒப்பிடும் நபிமொழி ஒன்று உண்டு. கவனிக்காவிட்டால் அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போகும். றமழான் இரவுகளில் தராவீஹ் தொழுகை நடத்தும் ஹாபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பதும் அதற்காகத்தான். முன்னால் நிற்பவர் தவறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

*

உம்மாவின் நினைவு எந்தப் பக்கமும் இல்லாமல், எந்தத் துண்டாகவும் இல்லாமல், ஒரேயடியாக விழுந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, முழுநிலாப் போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி 9.1 அளவில் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடல் எங்கள் கரையில் ஏறியது. இலங்கையில் 35,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் 10,000க்கும் அதிகம் அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரத் தெருக்கள் தரைமட்டமாயின. உம்மா அப்போது கடற்கரைத் தெருவில் இருந்தார். எங்களைப் போன்ற பல குடும்பங்கள் பிறகு பொலிவேரியன் கிராமம் போன்ற புதுக்குடியிருப்புகளுக்கும் மேற்கே உள்ள தெருக்களுக்கும் போய்விட்டன.

அந்தக் காலையில் உம்மாவின் உடம்பில் நடந்ததைச் சொல்ல முடியும். சிறுநீரகத்தின் மேலே உள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டின, பின்னாலே கோர்ட்டிசோல். மூளைக்குள் நோரட்ரினலின் பரவியது. அந்தப் பாதாம், அமிக்டலா, துடித்தெழுந்தது. பாதாமின் வேலை பக்கத்திலிருக்கும் கடற்குதிரையிடம் "இதை விடாதே" என்று சொல்வது. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மக்கோ பல பத்து வருடம் இந்தப் பேச்சுவார்த்தையை ஆராய்ந்தார். 1994இல் லாரி கஹிலும் அவரும் சேர்ந்து செய்த சோதனை எளிமையானது. ஒரு சிறுவன் விபத்தில் அடிபடும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்து எடுக்காதவர்களுக்கு விபத்துப் பகுதி தனியாகத் தூக்கி நின்றது. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரொப்பிரனோலோல் மாத்திரையை முன்கூட்டியே விழுங்கியவர்களுக்கு அந்தத் தூக்கல் இல்லை. கதையின் சாதாரணப் பகுதிகளோடு அதுவும் சமமாகக் கிடந்தது. பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் நம்மூர் பார்மசியில் கொடுக்கும் மாத்திரைதான் அது.

ஆகவே பையனுக்குப் பல நாள் உழைப்பு செய்வதை உம்மாவுக்குச் சில நிமிடச் சுரப்பு செய்துவிட்டது. ஆனால் செய்த விதம் வேறு. பயத்தில் கவனம் குழாய்க்குள் பார்ப்பது போல் ஒடுங்கும். நடுவில் உள்ளது வெட்டியெடுத்தாற்போல் பதியும், ஓரங்கள் கரைந்துவிடும். அந்தச் சில்வர் வாளியின் பக்கத்தில் ஒரு நெளிவு இருந்தது, கைபிடியில் சிவப்பு வயர் சுற்றியிருந்தது என்று உம்மா சொல்வார். அவ்வளவு துல்லியம். அந்த நேரம் பக்கத்தில் யார் நின்றார் என்று கேட்டால் தெரியாது. பள்ளிவாசல் மேல்மாடிக்கு எப்படிப் போனார்? ஒரு கை இழுத்தது. யாருடைய கை? தெரியாது. எது முதலில், எது பிறகு? இங்கேதான் கடற்குதிரை திணறியிருக்கிறது. அளவான பயம் அதைக் கூர்மையாக்கும், அளவு மீறிய பயம் அதைத் தடுமாற வைக்கும். ஒவ்வொரு துண்டையும் இடத்தோடும் நேரத்தோடும் கட்டிவைப்பது அதன் பொறுப்பு. கட்டப்படாத துண்டுகள் நாள் திகதி இல்லாமல் அலைகின்றன. மாரியில் கடல் இரையும் இரவுகளில் உம்மா எழும்பி விறாந்தைக்கு வந்து நிற்பார். அவருக்கு அந்த இரைச்சல் பழைய ஞாபகமாக வருவதில்லை. இப்போது நடப்பதாக வருகிறது.

இப்படிப்பட்ட பய நினைவை ஆராய ஒரு சந்தர்ப்பமும் வாய்த்தது. 2001 ஆகஸ்ட் மாதம் டொரண்டோவிலிருந்து லிஸ்பன் போன விமானம் ஒன்று அத்திலாந்திக்கின் மேல் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் ஓடாமல் மிதந்து, அசோரெஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் தப்பினார்கள். அவர்களில் 15 பேரைப் பின்னாளில் ஆராய்ந்தவர்களுள் மார்கரெட் மக்கின்னன் அதே விமானத்தில் பயணம் செய்தவர். மன வடு கொண்டவர்களுக்கும் கொள்ளாதவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் ஒரேயளவு துலக்கமாகவே பதிந்திருந்தது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: வடு கொண்டவர்கள் கேட்டதற்கு மேலாக அங்குமிங்கும் தாவி, தொடர்பில்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள். அதாவது பிரச்சினை பதிவின் பலத்தில் இல்லை. வேண்டியதைப் பிரித்து வரிசையில் வைப்பதில் இருந்தது.

இங்கே என்னுடைய நினைவையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. நான் அப்போது படிப்புக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது தொலைக்காட்சியில் கறுத்த தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்தேன், அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிளாஸின் சூடு கூட விரலில் இருக்கிறது. அன்றிரவு நான் எழுதிய கொப்பி பின்னர் ஒரு பெட்டியிலிருந்து கிடைத்தது. என் கையெழுத்துத்தான். "ரேடியோவில் கேட்டோம்" என்று இருந்தது. படங்களைப் பார்த்தது மறுநாள். தேநீர்க் கடை அதில் இல்லவே இல்லை.

1977இல் பிரவுணும் கூலிக்கும் இத்தகைய நினைவுகள் கமரா பளிச்சிட்டு எடுத்த படம் போல் மாறாமல் நிற்கும் என்றார்கள். 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து அதே ஆட்களிடம் கேட்டார்கள். 44 பேரில் 11 பேர் முற்றிலும் பிழை. ஆனால் உறுதி குறையவில்லை. சிலர் தங்கள் சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் தங்கள் ஞாபகத்தைத்தான் நம்பினார்கள். அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் தேநீர்க் கடையைத்தான் நம்பினேன். இன்றைக்கும் அந்தச் சூடு விரலை விட்டுப் போகவில்லை.

ஆனால் உம்மாவை என்னோடு ஒரே தராசில் வைத்தால் அது அநியாயம். நைசரே 1989 கலிபோர்னியா நிலநடுக்கத்துக்குப் பிறகு இதைப் பிரித்துக் காட்டினார். நடுக்கத்தைத் தாங்களே உணர்ந்தவர்களின் நினைவு ஒன்றரை வருடம் கழித்தும் அநேகமாக மாறாமலிருந்தது. தூரத்தில் செய்தியாகக் கேட்டவர்களுடையதுதான் சிதைந்தது. அந்த வாளியும் சிவப்பு வயரும் பொய்யல்ல என்று நான் நம்புவதற்கு அது ஒரு காரணம். சந்தேகம் வருவது துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான். அந்த இடைவெளியை இருபது வருடமாக ஊர்ப் பேச்சும், தொலைக்காட்சிப் படங்களும், ஒவ்வொரு டிசம்பரிலும் ஒலிபெருக்கியில் வரும் உரைகளும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

நேரத்தையே எடுத்துக்கொள்வோம். கடல் வந்தது எட்டரைக்கு என்பார் உம்மா. மாமி ஒன்பது என்பார். இருவரும் ஒரே தெருவில் ஓடியவர்கள். இதில் இருவருமே சரியாக இருக்கலாம் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. 2004இல் இலங்கையின் கடிகாரம் இன்றைக்கு உள்ளதைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திருப்பினார்கள். மாமி அன்றைய சுவர்க் கடிகாரத்தைச் சொல்கிறார். உம்மா, காலைத் தேத்தண்ணி ஆறும் நேரம், வெயில் முற்றத்தில் விழுந்த இடம் எல்லாவற்றையும் பிறகு வந்த கடிகாரத்தோடு கோர்த்துக்கொண்டார். நினைவை எழுப்பும் ஒவ்வொரு தரமும் மூளை அதை இப்போதைய பொருட்களோடு சேர்த்தே திரும்பப் படுக்க வைக்கிறது. 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் எலிகளில் இதைக் காட்டினார். நிலைத்துவிட்ட பய நினைவை மீண்டும் எழுப்பி, உடனே பாதாமில் புதுப் புரதம் உண்டாவதைத் தடுத்தால் அந்த நினைவு பலவீனப்பட்டது. எழுப்பாமல் தடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆக, நினைவு எழும்பும் நேரம்தான் அது இளகும் நேரம்.

இரண்டு நினைவுகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும் இடம் இதுதான். பையனும் தன் நினைவைத் தினமும் எழுப்புகிறான். அவனுக்கும் அது இளகுகிறது. ஆனால் இளகும் அந்த நேரத்தில் எதிரே மூலப்பிரதி விரிந்திருக்கிறது, விரல் வரியில் இருக்கிறது. பிழை உடனே பிடிபட்டுத் திருத்தமாகவே மறுபடி உறைகிறது. ஆயிரம் தரம் எழுப்பினாலும் அது மூலத்துக்கே திரும்பும். உம்மாவின் நினைவுக்கு மூலப்பிரதி கிடையாது. ஆயிரம் தரம் எழுப்பினால் ஆயிரம் தரமும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மூளையின் உறுப்புகளில் நான் தேடிய வித்தியாசம் கடைசியில் விறாந்தையில்தான் இருந்தது. பயிற்சி மூளையை மாற்றாமலில்லை: 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறுவயது முதல் யசுர் வேதம் மனனமிட்ட 21 இந்தியப் பண்டிதர்களின் மூளையில் வலப்பக்க ஹிப்போகாம்பஸும் மேற்பட்டையின் பல பகுதிகளும் மற்றவர்களைவிட அடர்ந்தோ தடித்தோ இருந்தன. ஹாபிழ்களிலும் அப்படி இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆனால் அந்தப் பண்டிதரும் ஒரு குருவின் முன்னால் உட்கார்ந்து ஓதியவர்தான்.

மூலப்பிரதி இல்லாத நினைவுக்கும் ஓர் எதிராளைக் கொடுக்க முடியும். சுனாமி நடந்து ஒரு மாதத்துக்குள் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வடக்கே மணற்காட்டிலும் தெற்கே கொஸ்கொடவிலும் காலியிலும் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் பிள்ளைகளுக்கு வடுவின் அறிகுறிகள் இருந்தன. அவர்களே பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆசிரியர்களைப் பழக்கி ஆறு அமர்வுகளில் சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். மற்றவர்களுக்குச் செய்தது எளிமையான காரியம்: பிறந்த நாளிலிருந்து தொடங்கி, நல்லதும் கெட்டதுமாக, நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வைப்பது. கேட்கும் ஆசிரியர் எழுதிக்கொள்வார். அடுத்த அமர்வில் திருப்பி வாசித்துக் காட்டுவார். பிள்ளை திருத்தும், சேர்க்கும். ஆறு மாதம் கழித்து இரண்டு பகுதியினரிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். தியானத்தின் பலனைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த இரண்டாவது முறையைப் படித்தபோது எனக்குச் சுபஹு நேரத்து விறாந்தைதான் ஞாபகம் வந்தது. அலைந்த துண்டுகளைக் கடற்குதிரையிடம் திரும்பக் கொண்டுவந்து திகதி போட வைக்கும் வேலை அது. கேட்பவர் ஒன்றையும் தானாகச் சேர்க்கக் கூடாது. சொன்னதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க மட்டும் வேண்டும்.

உம்மாவுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. ஊரில் உளநல உதவி வந்தது, போனது. நாங்கள் பிள்ளைகள் செய்ததெல்லாம் "அதை விடுங்க உம்மா, இப்ப ஏன்" என்று பேச்சை மாற்றியது. அது அன்பினால் செய்தது. ஆனாலும் பிழை.

போன லீவில் ஒரு நாள் பாடம் முடிந்து குர்ஆனை மூடிய கையோடு உம்மா சும்மா இருந்தார். கடல் பலமாக இரைந்தது. தானாகவே தொடங்கினார். முற்றம், பூனை ஓடியது, ஆட்கள் கத்தியது, கறுப்புத் தண்ணீர், வாளி, படி. "ஒரு கை என்னப் புடிச்சி இழுத்திச்சி" என்றார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். நான் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்ற வாயெடுத்தேன். பையன் முந்திவிட்டான். மத்ரஸாவில் பழகியது போல ஒரே சொல்லை எடுத்துக் கொடுத்தான்.

"கை," என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

உம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் மணிக்கட்டை இடக்கையால் சுற்றிப் பிடித்துக் காட்டினார். "இதுல காப்பு இருந்திச்சி," என்றார். "கண்ணாடிக் காப்பு. படியில அடிபட்டு உடஞ்சது என்ட காதில இரிக்கி."

இருபது வருடமாக நாங்கள் அந்தக் கையை ஓர் ஆணின் கையாகவே நினைத்திருந்தோம். அது உள்ளே கிடந்து இன்றுதான் எழும்பியதா, அல்லது இன்று சேர்ந்துகொண்டதா என்பதை என்னால் தீர்க்க முடியாது. உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்து, அன்றைய திகதியைப் போட்டு, உம்மா சொன்ன சொல் மாறாமல் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டினேன். விரலை வரியின்மேல் வைத்துக் கேட்டார்.